அசலும் அசலாரும்

தமிழில் 'அசல்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வேடிக்கையான வார்த்தை. கடன் கொடுத்தவரைக் கேட்டால், வட்டி நீங்கலாக நிற்கும் முதல்தான் அசல் என்பார். நகைக் கடைக்காரருக்குப் போலி அல்லாததெல்லாம் அசல். பாட்டிமார்களோ, "அண்டை அசலில் விசாரித்துப் பாரேன்" என்பார்கள். அவர்களுக்கு அசல் என்றால் அடுத்த வீடு. அசலார் என்றால் அயலார், நமக்குச் சம்பந்தமில்லாதவர். ஆக, ஒரே வார்த்தை 'உண்மையானது' என்றும் சொல்கிறது. 'நம்முடையது அல்ல' என்றும் சொல்கிறது. எங்கிருந்தோ வந்த சொல் ஒன்றும், நம் ஊர்ச் சொல் ஒன்றும் ஒரே உருவத்தில் வந்து உட்கார்ந்து கொண்டதால் ஏற்பட்ட குழப்பம் இது என்று படித்தவர்கள் சமாதானம் சொல்வார்கள்.

பழைய மோட்டார் கார் வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு மட்டும் இந்தக் குழப்பம் அவ்வளவு எளிதில் சமாதானமாவதில்லை. சென்னை ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு கடைப் படியேறி, "அம்பாசிடருக்கு வாட்டர் பம்பு இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் பம்பை எடுக்க மாட்டார். முதலில் ஒரு கேள்வியை எடுப்பார். "அசல் வேணுமா சார், டூப்ளிகேட் போதுமா?" என்பார். விலையைக் கேட்டால் ஒன்றுக்கு ஒன்று பாதிதான். இரண்டும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். எது தேவகி வயிற்றில் பிறந்தது, எது யசோதை வீட்டில் வளர்ந்தது என்று கண்டு பிடிப்பது நம் பொறுப்பு.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதைத் தெரிந்து கொண்டால் பம்பு வாங்குவது சுலபமாகிவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கடைக்காரரின் முன்னால் திருதிருவென்று விழிக்காமல் நிற்கலாம்.

ஒரு யந்திரத்தின் பாகம் கெட்டுப் போனால் அதே மாதிரி வேறொன்றை வாங்கிப் போட்டுவிடலாம் என்ற எண்ணமே மனித குலத்துக்குப் புதியது. மாட்டு வண்டியின் அச்சு முறிந்தால் தச்சரிடம் போனோம். அவர் அந்த வண்டியைப் பார்த்து, அந்தச் சக்கரத்தை அளந்து, அதற்கென்று ஒரு அச்சைச் செதுக்கிக் கொடுத்தார். அடுத்த வீட்டு வண்டிக்கு அது சேராது. சேர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இரும்பு யந்திரங்கள் வந்த பிறகும் வெகு காலம் இதே கதைதான். இங்கிலாந்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு மரை வெட்டிக் கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் திருகாணிக்கு இன்னொரு பட்டறையின் நட்டு ஏறாது. 1841-ம் வருஷம் ஜோசப் விட்வொர்த் என்ற யந்திர நிபுணர், "எல்லோரும் ஒரே கோணத்தில், ஒரே கணக்கில் மரை வெட்டினால் என்ன?" என்று கேட்டார். 55 டிகிரிக் கோணம் என்று அவர் வகுத்ததுதான் பிறகு பிரிட்டிஷ் மரையாக உலகமெங்கும் பரவியது. நம் ஊர்ப் பழைய மெக்கானிக்குகள் 'விட்வொர்த் ஸ்பானர்' என்று ஒன்றைத் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருப்பார்களே, அந்தப் பெயருக்கு உடையவர் இவர்தான்.

மரைக்கு ஒழுங்கு வந்து விட்டது. மற்றப் பாகங்களுக்கு வரவில்லை. மோட்டார் கார் பிறந்த புதிதில், ஒவ்வொரு காரையும் அரத்தால் ராவி ராவித்தான் பூட்டினார்கள். ஒரு தண்டு துளைக்குள் போகவில்லையென்றால் கொஞ்சம் ராவு. இன்னும் போகவில்லையா, இன்னும் கொஞ்சம் ராவு! அப்படிச் செய்வதுதான் உயர்ந்த கைவேலை என்று ஐரோப்பாவில் பெருமை பேசிக் கொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் கார்கள் மலிவானவை, ஆகவே மட்டமானவை என்பது அங்கே பரவலான அபிப்பிராயம்.

இந்த அபிப்பிராயத்தை உடைத்தது 1908-ம் வருஷம் நடந்த ஒரு சோதனை. காடிலாக் கம்பெனியை நடத்திய ஹென்றி லேலண்டு, இளமையில் துப்பாக்கித் தொழிற்சாலைகளிலும், அளவு கருவிகள் செய்த பட்டறையிலும் வேலை பழகியவர். துப்பாக்கிக்காரனுக்குப் போர்க்களத்தில் அரம் வைத்து ராவிக் கொண்டிருக்க நேரம் ஏது? ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குச் சேர்ந்தே தீரவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை லேலண்டு காருக்குக் கொண்டு வந்தார். லண்டனுக்கு அருகிலுள்ள புரூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில், மூன்று காடிலாக் கார்களைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். மூன்றையும் ஆணி ஆணியாகக் கழற்றினார்கள். கழற்றிய பாகங்களையெல்லாம் ஒரே குவியலாகக் கலந்தார்கள். அது போதாதென்று, குவியலிலிருந்து 89 பாகங்களை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அவற்றுக்குப் பதிலாகக் கடைச் சரக்கிலிருந்து புதுப் பாகங்களைப் போட்டார்கள். பிறகு சாதாரணக் கருவிகளை மட்டும் கொண்டு மூன்று கார்களையும் பூட்டி, திடலைச் சுற்றி 500 மைல் ஓட்டினார்கள். மூன்றும் ஓடின! கிளப்பின் உயர்ந்த பரிசான டியூவர் கோப்பை காடிலாக்குக்குப் போயிற்று.

உதிரிப் பாகத்தின் பிறந்த நாள் என்று ஒன்றைக் கொண்டாட வேண்டுமானால், அந்தச் சோதனை நாளைத்தான் கொண்டாட வேண்டும். அன்று நிரூபணமானது காடிலாக்கின் பெருமை மட்டும் அல்ல. 'அசல்' என்பதன் அர்த்தமே அன்று மாறிவிட்டது. எந்தப் பாகம் எந்தக் காரோடு கூடப் பிறந்தது என்ற கேள்விக்கு அர்த்தமில்லாமல் போயிற்று. சரியான அளவில், சரியான உலோகத்தில் இருப்பது எதுவோ, அதுவே அசல்.

அளவு என்று சொல்லிவிட்டேன். அந்த அளவைக் காப்பாற்றுவதற்கு ஒரு சுவீடன் தேசத்துக்காரர் வேண்டியிருந்தது. கார்ல் ஜோஹான்சன் என்பவர், கண்ணாடி போல் மெருகேற்றிய எஃகுக் கட்டைகளைச் செய்தார். இரண்டு கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் திருகினால் கோந்து ஒட்டினாற்போல் ஒட்டிக் கொள்ளும். அவற்றைச் சேர்த்துச் சேர்த்து வேண்டிய அளவை அங்குலத்தில் லட்சத்தில் சில பங்கு வரை உண்டாக்கலாம். இந்த மனிதரின் அருமையை உணர்ந்து ஹென்றி போர்டு 1923-ல் அவரைத் தம் தொழிற்சாலைக்கே அழைத்துக் கொண்டார். கார் பாகம் நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி, கடைசியில் இந்தச் சின்ன எஃகுக் கட்டைதான்.

இனி நம் தேசத்துக்கு வருவோம்.

நம் நாட்டுக்குக் கார் கப்பலில் வந்தது. அதற்கு வேண்டிய பாகமும் கப்பலில்தான் வந்தது. 1920-களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் ஒரு பூட்டுக் கொட்டகை போட்டது. போர்டும் இங்கே கடை விரித்தது. பெட்டி பெட்டியாகப் பாகங்கள் இறங்கும். இங்கே பூட்டி விற்பார்கள். கார் வைத்திருந்தவர்கள் ஜமீன்தார்களும் பெரிய வக்கீல்களும் ஆனபடியால், கப்பல் வர இரண்டு மாதம் ஆனாலும் அவர்கள் வீட்டில் குதிரை வண்டி இருந்தது.

இரண்டாவது உலக யுத்தம் வந்து இந்தச் சௌகரியத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கப்பல்கள் வரவில்லை. டயர் இல்லை, பெட்ரோல் இல்லை, பாகம் இல்லை. அப்போதுதான் தென்னாட்டுப் பட்டறைகள் தங்கள் சாமர்த்தியத்தைத் தாங்களே கண்டு பிடித்துக் கொண்டன. மதுரையில் பஸ் தொழிலில் காலூன்றியிருந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் கம்பெனியார், கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டும் 'காஸ் பிளாண்ட்'டைச் செய்து விற்றார்கள். பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய தவலையைக் கட்டி வைத்தது போல் இருந்த அந்தக் கருவியை அந்தக் காலத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'கப்பலில் வராததை நாமே செய்து கொள்ளலாம்' என்ற தைரியம் அந்தக் கரிப் புகையில்தான் பிறந்தது.

சுதந்திரம் வந்ததும் சர்க்கார் அந்தத் தைரியத்தைச் சட்டமாக்கியது. முழுக் கார்களை இறக்குமதி செய்வது 1949-ல் தடுக்கப்பட்டது. 1953-ல் டாரிப் கமிஷன், 'பாகங்களை இந்த நாட்டிலேயே செய்வதாகத் திட்டம் வைத்திருப்பவர்கள் மட்டும் இங்கே தொழில் நடத்தலாம்' என்ற கொள்கையை வகுத்தது. ஜெனரல் மோட்டார்ஸும் போர்டும் மூட்டை கட்டிக் கொண்டு புறப்பட்டன. மிஞ்சி நின்றவர்களில் முக்கியமானவர்கள் மூன்று பேர். கல்கத்தாவுக்கு அருகில் உத்தர்பாராவில் பிர்லாக்களின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். பம்பாயில் வால்சந்து ஹீராசந்து தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். நம் சென்னையில் ஸ்டாண்டர்டு. பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாவது வரிசைக் காரின் அச்சுகளை வைத்துக் கொண்டு, 1957-58 வாக்கில் உத்தர்பாராவிலிருந்து வெளிவந்ததுதான் அம்பாசிடர். இத்தாலிய பியட் 1100 பம்பாயில் மறு அவதாரம் எடுத்து, பின்னால் பத்மினி ஆயிற்று. சென்னையில் வான்கார்டும், பென்னண்டும், ஹெரால்டும் பிறந்தன.

ஒரு காரில் ஆயிரக்கணக்கான பாகங்கள். அவ்வளவையும் ஒரே கம்பெனி செய்ய முடியுமா? முடியாது, எந்தத் தேசத்திலும் செய்வதில்லை. இங்கேதான் நான் முதலில் சொன்ன அசலார் வருகிறார்கள். பிஸ்டன் செய்ய 1949-ல் அமால்கமேஷன்ஸ் குழுவினர் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸைத் தொடங்கினார்கள். எஞ்சின் வால்வு செய்ய 1959-ல் ரானே குழுவினர் வந்தார்கள். 1960-ஐ ஒட்டிய சில வருஷங்களுக்குள், பாடி என்ற கிராமம் ஒரு காரின் அங்க அவயவங்களையெல்லாம் பெற்றெடுக்கும் பிரசவ ஆஸ்பத்திரியாக மாறிவிட்டது. சக்கரத்துக்கு வீல்ஸ் இந்தியா, மின்சாரச் சாமான்களுக்கு லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்குக்கு பிரேக்ஸ் இந்தியா, லாரிகளின் காற்று பிரேக்குக்கு சுந்தரம்-கிளேட்டன் என்று வரிசையாக வந்தன. 1992-ல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸே தன் கார்களுக்கு ரேடியேட்டர் மூடி வேண்டுமென்று இதே பாடியிலுள்ள சுந்தரம் பாஸ்னர்ஸிடம் வந்து நின்றது. மூட்டை கட்டிக் கொண்டு போனவர் மூடி வாங்கத் திரும்பி வந்தார்!

ஆகவே, கார்க் கம்பெனியின் முத்திரை போட்ட பெட்டியை நாம் பக்தியோடு திறக்கும்போது, உள்ளே இருப்பது பெரும்பாலும் வேறொருவர் செய்த பொருள். அதே பொருளைச் செய்தவரே தம் சொந்தப் பெட்டியில் போட்டு, குறைந்த விலைக்கு அடுத்த அலமாரியில் வைத்திருப்பார். அசலைச் செய்தவர் அசலார்! இது தெரிந்தவர்கள் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்தார்கள். தெரியாதவர்கள் பெட்டியையே பாகம் என்று நினைத்தார்கள்.

அப்படியானால் டூப்ளிகேட் எங்கிருந்து வந்தது? பஞ்சத்திலிருந்து வந்தது. 1957-க்குப் பிறகு அந்நியச் செலாவணிக்குப் பெருந் தட்டுப்பாடு. நல்ல எஃகும் வரவில்லை. நல்ல யந்திரமும் லைசென்ஸ் இல்லாமல் வரவில்லை. புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த காலம். இருக்கும் காரை ஓட்டியாக வேண்டும், பாகமோ கிடைக்காது. அப்போது ஒரு லேத்தும், ஒரு கொல்லுலையும், கொஞ்சம் துணிச்சலும் உள்ளவர்கள் களத்தில் இறங்கினார்கள். தேய்ந்த பாகத்தை மாதிரியாக வைத்து அதே போல் கடைந்தார்கள். தேய்ந்ததை அளந்து செய்தால் செய்ததும் தேய்ந்த அளவிலேயே இருக்கும் அல்லவா? அது அவர்களுக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் சும்மா இருந்தார்கள்.

அவர்களை ஒரேயடியாக வைதுவிட எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ டாக்ஸிக்காரர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அந்த லேத்துப் பட்டறைகளால்தான். அசல் பாகம் வரும் வரையில் காத்திருந்தால் மாதத் தவணை கட்டுவது யார்? புதுப்பேட்டைச் சந்துகளில் பழைய கார்களை உடைத்துக் கூறு போட்டு விற்றார்களே, அவர்களும் ஒரு வகையில் தர்மவான்கள்தான். நொறுங்கிப் போன ஒரு அம்பாசிடரின் பின் அச்சு, ஓடிக் கொண்டிருக்கும் இன்னொரு அம்பாசிடருக்கு உயிர் கொடுத்தது. அது பழையதே ஆனாலும் அசல். புதுப் போலியைவிடப் பழைய அசல் மேல் என்று புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. கல்கத்தாவுக்கு மல்லிக் பஜார் எப்படியோ, சென்னைக்குப் புதுப்பேட்டை அப்படி.

ஆனால் தட்டுப்பாட்டில் பிறந்த லேத்துக்காரர் ஒரு ஜாதி; பேராசையில் பிறந்த பெட்டிக்காரர் வேறு ஜாதி. முன்னவர் தம் சரக்கை 'லோக்கல்' என்று ஒப்புக் கொண்டு விற்றார். பின்னவர் பிரபலமான கம்பெனியின் பெயரை அச்சடித்து விற்றார். முதலாவது ஏழ்மை, இரண்டாவது திருட்டு.

சேலத்தில் எனக்குத் தெரிந்த தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பணத்தில் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி, அதற்குத் தினமும் குளிப்பாட்டிப் பொட்டு வைக்காத குறையாக வளர்த்து வந்தார். செலவில் கருமியல்ல. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்துப் பூட்டும்போது, உள்ளே போடும் ரப்பர்களை, பெயர் பெற்ற முத்திரையுள்ள பெட்டியாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். சில வாரம் கழித்து மனைவியையும் பேரனையும் ஏற்றிக் கொண்டு ஏற்காட்டுக்குப் போனார். ஏறும்போது ஒன்றுமில்லை. மலையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது நாலாவது வளைவில் காலை வைத்தார். மிதி அப்படியே பலகைவரை போய்விட்டது. பதற்றத்தில் மனிதர் நல்ல வேளையாக வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடவில்லை. கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, மலைச் சுவரோடு உராய விட்டார். மட்கார்டு நசுங்கி வண்டி நின்றது. பேரன் மட்டும், "தாத்தா, இன்னொரு தடவை" என்றானாம்.

பிறகு மேஸ்திரி சிலிண்டரைப் பிரித்து ரப்பரை வெளியே எடுத்தார். கழற்றிப் போட்டிருந்த பழைய ரப்பர் தேய்ந்திருந்தாலும் விறைப்பாக இருந்தது. புது ரப்பரோ பிரேக் எண்ணெயில் ஊறி, ரசத்தில் போட்ட அப்பளம் மாதிரி உப்பிக் குழைந்து கிடந்தது.

"நான் விலையைப் பார்த்து வாங்கவில்லையேப்பா! பெட்டியைப் பார்த்துத்தானே வாங்கினேன்?" என்றார் தலைமை ஆசிரியர்.

"பெட்டி அச்சடிக்கிறது சுலபமுங்க ஐயா. ரப்பர் காய்ச்சறதுதான் கஷ்டம்" என்றார் மேஸ்திரி.

இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் நான் சொல்லக் கூடியது அதிகமில்லை. இருந்தாலும், பல மேஸ்திரிகளின் வாயால் கேட்டதை வாசகர்களின் உபயோகத்துக்காகத் தொகுத்து வைக்கிறேன்.

முதலாவதாக, காரின் பாகங்களெல்லாம் ஒரே அந்தஸ்து உடையவை அல்ல. கெட்டுப் போனால் உயிரைக் கேட்பவை சில: பிரேக், ஸ்டியரிங், டயர். நடு வழியில் நிறுத்திவிடுபவை சில: பெட்ரோல் பம்பின் டயாப்ரம், டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டும் கண்டென்சரும். வெறுமனே எரிச்சலூட்டுபவை சில: கதவுப் பிடி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி. கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசைப்படி செலவழிக்க வேண்டும். கதவுப் பிடிக்கு அசல் தேடி அலைந்துவிட்டு, பிரேக் ரப்பரில் பேரம் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவதாக, கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப் போக வேண்டும். பெயரைச் சொல்லிக் கேட்பது போதாது. 'அம்பாசிடர்' என்ற ஒரே பெயரில் ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கார்கள் வந்தன. 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உண்டு, டீசல் எஞ்சின் உண்டு, பின்னால் வந்த இசுஸு எஞ்சினும் உண்டு. கிராங்கைக் கடைந்திருந்தால் பேரிங்கும் அதற்குத் தக்கபடி மாறும். ஸ்டாண்டர்டா, பத்தா, இருபதா, முப்பதா என்று கேட்பார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது என்பது அதன் பொருள். முந்தைய சொந்தக்காரர் எத்தனை தடவை கடைந்தார் என்பதைக் கிராங்குதான் சொல்லும். மனிதர் சொல்ல மாட்டார்.

மரையிலும் கவனம் வேண்டும். விட்வொர்த்தின் 55 டிகிரி மரைக்குப் போட்டியாக, யுத்தத்துக்குப் பிறகு 1948-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் சேர்ந்து 60 டிகிரி மரை ஒன்றை ஏற்றுக் கொண்டன. அதற்கு முந்திய மாரிஸ் டென் எஞ்சினிலோ இன்னொரு விபரீதம். அதன் பூர்விகம் ஒரு பிரெஞ்சுப் பட்டறை. ஆகையால் மரை மெட்ரிக், தலை மட்டும் விட்வொர்த் ஸ்பானருக்கு ஏற்றது! நம் ஹிந்துஸ்தான் டென் அந்த வம்சத்தில் வந்ததுதான். ஸ்பானர் சேருகிறதே என்று கண்ட போல்ட்டை முறுக்கினால், முதல் இரண்டு சுற்று சுகமாக ஏறும். மூன்றாவது சுற்றில் எஞ்சினின் மரையே போய்விடும்.

மூன்றாவதாக, 'பழைய ஸ்டாக், பெட்டி பிரிக்காதது' என்ற வார்த்தையில் மயங்கக் கூடாது. இரும்பும் பித்தளையும் எண்ணெய்க் காகிதத்துக்குள் நாற்பது வருஷம் தூங்கலாம்; கெட்டுப் போகாது. ரப்பர் அப்படியல்ல. அலமாரியில் சும்மா இருந்தாலும் அதற்கு வயசாகும். டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் பொறித்திருப்பார்கள்; 2319 என்றால் 2019-ம் வருஷத்தின் 23-வது வாரத்தில் பிறந்த டயர் என்று அர்த்தம். ஜாதகம் பார்க்காமல் பெண் எடுப்பவர்கள்கூட இந்த ஜாதகத்தைப் பார்க்காமல் டயர் எடுக்கக் கூடாது. பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் கொண்டே இருக்கும். மூன்றாம் தர எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம் தெரியும். திறந்து வைத்த டப்பாவில் மிஞ்சியதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக் கொள்வது சிக்கனமாகாது.

நாலாவதாக, சில விஷயங்களில் பழைய அசலைவிடப் புதுச் சரக்கே மேல். அந்தக் காலத்து அசல் பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்தது. அதன் தூசி நுரையீரலுக்கு எமன் என்று பின்னால் தெரிந்தது. கல்நார் இல்லாத புது லைனிங் இருக்கும்போது அசல் என்ற ஒரே காரணத்துக்காகப் பழையதைத் தேடுவது பக்தியாகாது. பெட்ரோல் குழாயும் அப்படித்தான். 2025-ல் இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனாலை 20 சதவீதம் வரை கலந்தாயிற்று. அதைக் கனவிலும் கண்டிராத காலத்து ரப்பர்க் குழாயும் டயாப்ரமும் அதற்கு ஈடுகொடுக்காமல் இளகியோ வெடித்தோ போகக்கூடும். எத்தனாலைத் தாங்குகிற புது ரப்பரைப் போடுவதே விவேகம்.

உ.வே. சாமிநாதையர் சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்தபோது செய்ததை இந்த இடத்தில் நினைத்துக் கொள்கிறேன். பல ஏடுகளை ஒப்பிட்டார். எது மூலபாடம், எது இடைச்செருகல் என்று அலசினார். ஏடு பழையது என்பதற்காக மட்டும் அவர் எதையும் ஏற்கவில்லை; பொருளும் யாப்பும் சேர்கிறதா என்று பார்த்தார். பழைய கார் வைத்திருப்பவனும் சின்ன அளவில் ஒரு பதிப்பாசிரியன்தான். கையில் ஏட்டுக்குப் பதிலாக ஸ்பானர்.

இப்போது ஒரு கடைசிக் கேள்வி. பெற்ற தாயே போய்விட்ட பிறகு அசல் என்று எதைச் சொல்வது? சென்னை ஸ்டாண்டர்டு 1988-ல் மூடிவிட்டது. உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸ் தேசத்து பேஷோ கம்பெனி வாங்கிக் கொண்டது. பம்பாய் வீதிகளிலிருந்து கடைசிப் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் விடைபெற்றது. இனிமேல் கம்பெனி முத்திரையோடு வரும் பெட்டிகள் மிச்சச் சரக்காகவோ போலியாகவோதான் இருக்க முடியும்.

ஆனாலும் வழி அடைபட்டுவிடவில்லை. இங்கிலாந்தில் எம்.ஜி.பி. கார் நின்று போனபின், பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, 1988-ல் அதன் முழு உடற்கூட்டையே புதிதாக அடித்து விற்கத் தொடங்கினார்கள். அங்குள்ள மாரிஸ் மைனர் பிரியர்களுக்காக இலங்கையில் ஒரு பட்டறை அந்தக் காரின் தகட்டுப் பாகங்களைச் செய்து கப்பலேற்றியது. ஒரு காலத்தில் பாகத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்துக் கடற்கரையில் நின்றவர்கள் நாம்! அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின், எம்.ஜி.ஏ. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. அந்த வம்சத்துக்கு இன்றும் அங்கே பாகம் செய்கிறார்கள். இங்கேயும் அசலைச் செய்து கொடுத்த அசலார் பலர் கண்ணும் கருத்துமாகத் தொழில் நடத்தி வருகிறார்கள்.

நம் கோயில்களில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருப்பணி நடக்கிறது. விரிந்த கல்லை எடுத்துவிட்டுப் புதுக் கல் வைக்கிறார்கள். சிதைந்த சுதையை இடித்துவிட்டுப் புதுச் சுதை பூசுகிறார்கள். கும்பாபிஷேகம் ஆன மறுநாள், "இது பழைய கோயில்தானா?" என்று எந்தப் பக்தரும் கேட்பதில்லை. ஆனால் ஸ்தபதி மட்டும் ஒன்றைக் கேட்பார். புதுக் கல் பழைய கல்லின் அளவில் இருக்கிறதா, பாரம் தாங்குமா என்று தட்டிப் பார்ப்பார். ஓசை சரியாக இல்லையென்றால், கல் எந்த மலையிலிருந்து வந்தது என்று எவ்வளவு பெருமையாகச் சொன்னாலும் திருப்பி அனுப்பிவிடுவார். கடைக்காரர் நம் முன் பம்பை நீட்டும்போது, நாமும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம்.